‘கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’: மழுப்பல் பதில்களை எழுதிய ஒருவரின் விளக்கம்

கேட்கப்பட்ட கேள்வி இது: “அமைச்சரைக் கேட்டாலும் அதிகாரியைக் கேட்டாலும் நேரான பதில் வருவதில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘ஆவன செய்யப்படும்’ என்கிறார்கள். உண்மையிலேயே வேலை நடந்து தாமதமாகிறதா, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களா என்பதை வெளியில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது?”

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. பெருமைப்பட்டுக்கொள்ளும் தகுதி இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராகி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நீங்கள் சொல்லும் அந்தப் பதில்களை எழுதிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட பதில்களில் பொய்யைத் தேடாதீர்கள். கிடைக்காது. கைதேர்ந்த மழுப்பல் முழுக்க முழுக்க உண்மையால் ஆனது. பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். எங்கள் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கும் அதன் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடியது. மழைக்காலத்தில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போவார்கள். அங்கே ஒரு சிறு பாலம் வேண்டும் என்று ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் மனுக் கொடுத்தார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று கொடுத்தார். அவருக்குப் போன பதில் இப்படி இருந்தது:

“பார்வையில் காணும் தங்களது மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி பணிக்கான கருத்துரு அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது. நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும் என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மனுவைப் பரிசீலித்தோம். கருத்துரு, அதாவது இந்தப் பணியைச் செய்யலாம் என்ற முன்மொழிவு, மேலே போனது. பணம் வந்தால் வேலை நடக்கும். அதிலும் சந்தேகம் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்றுதான். இரண்டாம் ஆண்டிலேயே அந்தக் கருத்துரு மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. எத்தனை வீடுகள், நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள், மாற்றுப் பாதை உண்டா என்று கேட்டிருந்தார்கள். விவரம் கேட்டு நாங்கள் கீழே ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம், அவர்கள் அதற்கும் கீழே எழுதினார்கள். பிறகு ஆண்டுக்கொரு நினைவூட்டு போட்டோம், அவ்வளவுதான். தபால்காரர் மட்டும் விடாமல் மனுக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பழைய பதிலைக் கோப்பிலிருந்து எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, அதே மூன்று வரிகளை அனுப்பினோம். ‘கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது’ என்பது ஒன்பது ஆண்டுகள் உண்மையாகவே இருந்தது. அனுப்பியது அனுப்பியதுதானே.

யாருக்கும் அந்தப் பாலத்தின் மீது பகை கிடையாது, லஞ்சமும் அதில் இல்லை. பிறகு ஏன் அப்படி எழுதினோம்? ‘முடியாது’ என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் சொந்தக்காரர் ஆகிவிடுவார். யார் முடியாது என்றது, எந்த விதிப்படி என்று கேட்பார்கள். சட்டமன்ற உறுப்பினர் போன் செய்வார், மேல்முறையீடு வரும். ‘முடியும்’ என்று எழுதினாலும் அதே கதைதான்: எப்போது, எவ்வளவு என்பார்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பதற்கு மட்டும் சொந்தக்காரரே இல்லை. அது தெருவில் திரியும் மாடு மாதிரி, யாரையும் பிடித்துக் கேட்க முடியாது.

நம் அலுவலகத் தமிழும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது. ‘செய்யப்படும்’ என்பதைப் பாருங்கள். செயப்பாட்டு வினை நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல என்றாலும் பேச்சில் அதற்கு வேலை குறைவு. “நேற்று என்னால் சோறு உண்ணப்பட்டது” என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை. அலுவலகத்தில் மட்டும் எல்லாமே ‘படும்’. செய்பவர் வாக்கியத்திலிருந்து எழுந்து போய்விடுகிறார், நாற்காலியில் துண்டு மட்டும் கிடக்கிறது. அடுத்தது அந்தக் கடைசி ‘உம்’. தமிழில் அது எதிர்காலத்துக்கும் வரும், எப்போதும் நடக்கிற வழக்கத்துக்கும் வரும். ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’, ‘இங்கே காபி கிடைக்கும்’. ஆகவே ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதை நாளைக்கு எடுப்போம் என்றும் படிக்கலாம், நடவடிக்கை என்பது எடுக்கப்படுகிற ஒரு பொருள் என்றும் படிக்கலாம். ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’ இன்னும் வசதி: ‘வருகிறது’ என்று சொல்லிவிட்டால் போதும், வந்து சேர்ந்ததா என்று கேட்க அதில் இடமே இல்லை. ‘ஆவன செய்க’ என்று மேலதிகாரி மனுவின் ஓரத்தில் எழுதுவார். ஆகக்கூடியவற்றைச் செய்க என்று பொருள். எது ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்வது கீழே இருப்பவன் தலையில். அவன் இன்னும் கீழே தள்ளுவான்.

மக்களிடமும் இதற்குச் சொற்கள் குறைவில்லை. மழுப்புதல், நழுவுதல், தட்டிக்கழித்தல், சாக்குப்போக்கு, சப்பைக்கட்டு, பூசி மெழுகுதல், கண்துடைப்பு, கிடப்பில் போடுதல், ஊறப்போடுதல், கிணற்றில் போட்ட கல். இத்தனை சொற்கள் சும்மா சேர்ந்துவிடவில்லை. இவற்றுள் மழுப்புதல் வேறு, இழுத்தடித்தல் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். மழுப்புகிறவர் பதிலை மறைக்கிறார். இழுத்தடிக்கிறவர் நாளைக் கடத்துகிறார். மேடையிலும் விமான நிலைய வாசலிலும் கேட்கிற ‘காலம் பதில் சொல்லும்’, ‘சட்டம் தன் கடமையைச் செய்யும்’, ‘கூட்டணி பற்றித் தலைமை முடிவு செய்யும்’ எல்லாம் வெறும் மழுப்பல். கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். காகிதத்தில் நடக்கிற இழுத்தடிப்புதான் ஆளை முடிக்கும்.

காகிதத்தில் நாள் கடத்துவதற்கு எங்களிடம் இருந்த ஆகச் சிறந்த கருவி, ‘தெளிவுரை கோருதல்’. ஓர் உத்தரவு வருகிறது, நிறைவேற்ற மனமில்லை. மறுக்கவும் முடியாது. உத்தரவில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘இச்சொல்லின் பொருள் குறித்துத் தெளிவுரை வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று மேலே எழுதிவிட வேண்டும். பதில் வரும்வரை கோப்பு உறங்கும், பழியும் வராது. இதை நான் ஏதோ குமாஸ்தா தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். 2018இல் இந்திய அரசே இதைச் செய்ததைப் பார்த்தபோதுதான் எங்கள் தொழிலின் மதிப்பு எனக்குப் புரிந்தது.

காவிரி வழக்கைச் சொல்கிறேன். நடுவர் மன்றம் அமைந்தது 1990இல். இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரியில். மேல்முறையீடுகளில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீர் 177.25 டி.எம்.சி. ஆனது. தீர்ப்பைச் செயல்படுத்த ஆறு வாரத்துக்குள் மத்திய அரசு ஒரு ‘ஸ்கீம்’ (செயல்திட்டம்) வகுக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் கெடு நீட்டிக்கப்படாது என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். நடுவர் மன்றம் காவிரி மேலாண்மை வாரியம் என்ற பெயரையே முன்பு சொல்லியிருந்தது. ஆகவே இங்கே எல்லோரும் வாரியம் வரும் என்று காத்திருந்தார்கள்.

மார்ச் கடைசியில் கெடு முடிந்தது. மார்ச் 31 அன்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டது. ‘ஸ்கீம்’ என்று தாங்கள் சொன்னதற்கு என்ன பொருள், நடுவர் மன்றம் சொன்ன வாரியத்திலிருந்து அது மாறுபடலாமா என்று தெளிவுரை கேட்டது. கர்நாடகத்தில் தேர்தல் வருகிறது, மூன்று மாத அவகாசம் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் தீர்ப்பு வந்த மறுவாரம் கேட்டிருக்கலாம். நாற்பத்திரண்டு நாளும் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்திவிட்டு, கெடு தாண்டியதும் பொருள் கேட்டால் அது அறியாமை ஆகாது.

ஏப்ரல் 9 அன்று நீதிமன்றம் கடிந்துகொண்டு, மே 3க்குள் வரைவைக் கொடுக்கச் சொன்னது. மே 3 அன்று வரைவு அமைச்சரவையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது, பிரதமரும் அமைச்சர்களும் கர்நாடகப் பிரச்சாரத்தில் இருக்கிறார்கள் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் சொன்னார். மே 12 கர்நாடகத்தில் வாக்குப்பதிவு. மே 14 அன்று வரைவு நீதிமன்றத்துக்கு வந்தது. மே 18 அன்று நீதிமன்றம் அதை ஏற்றது, ஜூன் 1 அன்று காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அரசிதழில் வெளியானது. ஆறு வார வேலைக்குப் பதினைந்து வாரம் ஆனது. இதில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ‘ஸ்கீம்’ என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. கர்நாடகத்தில் தேர்தல் நடந்தது. பிரதமர் பிரச்சாரத்துக்குப் போயிருந்தார். எல்லாம் உண்மை. தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால் கதை தானாகவே வெளியே வந்துவிடுகிறது.

இதே கோடையில் தமிழ்நாடு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொன்னால்தான் நியாயம். ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புகளுக்கான லோக்பால் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குள் ஒவ்வொரு மாநிலமும் லோக் ஆயுக்தா அமைக்கச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. தமிழ்நாடு செய்யவில்லை. கேட்டபோது, மத்தியச் சட்டத்துக்கே திருத்தம் வரவிருக்கிறது, அதற்காகக் காத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 10 என்று கெடு வைத்தது. சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது ஜூலை 9 அன்று. காவிரிக்காகத் தெருவில் இறங்கி ‘இழுத்தடிக்காதே’ என்று டில்லியைப் பார்த்துக் கேட்ட அதே மாநிலத்தின் அரசு, தன் கோப்பை நான்கு ஆண்டுகள் ஊறப்போட்டுக் கடைசி நாளுக்கு முந்தின நாள் எடுத்தது. கட்சி எதுவானாலும் கோப்பு ஒரே மாதிரிதான் உறங்குகிறது.

இன்னொரு முறை உண்டு: ‘இவ்வலுவலகம் சார்ந்ததல்ல.’ மனு தவறான இடத்துக்கு வந்திருந்தால் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான், அதில் குற்றமில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் இதற்கு ஐந்து நாள் கெடு. அதற்குள் மாற்றி அனுப்ப வேண்டும். ஓர் இளநிலை உதவியாளருக்கு ஐந்து நாள். சரி, ஓர் ஆளுநருக்கு எத்தனை நாள்?

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த எழுவரை விடுவிக்கலாம் என்று தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று ஆளுநருக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை ராஜ்பவனில் கிடந்தது. கேட்டபோதெல்லாம் ‘பரிசீலனையில்’ இருந்தது. எழுவரில் ஒருவரான பேரறிவாளனின் வழக்கில் 2021 ஜனவரி 21 அன்று, இன்னும் மூன்று நான்கு நாளில் ஆளுநர் முடிவெடுப்பார் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். சொன்னபடியே ஜனவரி 25இல் முடிவு வந்தது. என்ன முடிவு? இதில் முடிவெடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, குடியரசுத் தலைவருக்குத்தான் உண்டு என்பது முடிவு. அந்த எழுவரை விடுவிக்கலாமா கூடாதா என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கு ஒன்று இருக்கும். அது வேறு விவாதம். ‘இது என் மேஜைக்கு வர வேண்டிய கோப்பில்லை’ என்று சொல்வதற்கு இருபத்தெட்டு மாதம் ஆனது என்பதை மட்டும் பாருங்கள். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அமைச்சரவையின் அறிவுரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்று சொல்லி, தன் சிறப்பு அதிகாரத்தால் பேரறிவாளனை விடுவித்தது.

மசோதாக்களின் கதையும் இதே குடும்பம்தான். அரசமைப்பின் 200ஆம் பிரிவில், ஆளுநர் ஒப்புதல் தராமல் மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் ‘கூடிய விரைவில்’ அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. அந்த ‘கூடிய விரைவில்’ எத்தனை நாள் என்பதை வைத்து 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் மாதக் கணக்கில் காலக்கெடு விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு அப்படிக் கெடு விதிக்க முடியாது என்றது. காரணமில்லாமல் நெடுங்காலம் சும்மா இருந்தால் மட்டும் முடிவெடுக்கச் சொல்லலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. ‘நெடுங்காலம்’ என்றால் எவ்வளவு காலம்? அதற்கும் ஒருநாள் யாராவது தெளிவுரை கேட்பார்கள்.

நாடாளுமன்றப் பதில்கள் வேறு ரகம். அங்கே நாள் கடத்துவதைவிடக் கேள்வியையே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். 2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில், ஊரடங்கின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பத்தினருக்கு நிவாரணம் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். தொழிலாளர் துறையின் எழுத்துப்பூர்வப் பதில்: அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை. நிவாரணம் பற்றி? மேற்கண்டதைக் கருதுகையில் அக்கேள்வி எழவில்லை. இரண்டு வரி. முதல் வரி உண்மையென்றே வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எடுக்கவில்லை. இரண்டாவது வரி முதல் வரியின் தோளில் ஏறி நிற்கிறது. எண்ணவில்லை, ஆகவே இறந்தவர் இல்லை, ஆகவே கொடுக்க வேண்டியதும் இல்லை. எண்ணாமல் விட்டதே கொடுக்காததற்குக் காரணமாகிவிட்டது. பதில் எழுதுகிற தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் இன்னொன்று. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றிய கேள்வி. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் ‘குறிப்பாகத்’ தெரிவிக்கவில்லை என்று பதில் வந்தது. ‘குறிப்பாக’ என்ற அந்த ஒரு சொல்லை எழுதியவர் யாரோ, தேர்ந்த ஆள். மொத்தப் பாரமும் அதன் மீதுதான். மரணச் சான்றில் ஆக்சிஜன் இல்லை என்றா எழுதுவார்கள்? நுரையீரல் செயலிழப்பு என்று எழுதுவார்கள். மாநிலங்களும் அப்படியே அனுப்பின. அதில் எல்லாக் கட்சி ஆளும் மாநிலங்களும் அடக்கம்.

விசாரணைக் கமிஷன்கள் பற்றி நீங்களே அறிவீர்கள், ஆகவே சுருக்கமாக. பாபர் மசூதி இடிப்பை விசாரிக்க லிபரான் கமிஷன் 1992 டிசம்பரில் அமைந்தது, மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும். நாற்பத்தெட்டு முறை நீட்டிப்பு வாங்கி 2009 ஜூன் 30 அன்று அறிக்கை கொடுத்தது. கமிஷனால் அரசுக்கு ஒரு தனி லாபம் உண்டு: அது நடக்கிற காலமெல்லாம் ‘கமிஷன் விசாரித்து வருகிறது, இந்நிலையில் கருத்துக் கூறுவது முறையாகாது’ என்று கண்ணியமாகச் சொல்லிவிடலாம். அதேசமயம் எல்லா நீட்டிப்பையும் ஒரே தராசில் போடக் கூடாது. ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி கமிஷன் 2017 செப்டம்பரில் அமைந்து 2022 ஆகஸ்டில்தான் அறிக்கை தந்தது. ஆனால் இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உச்ச நீதிமன்றத்தின் தடை இருந்தது. கேலி செய்கிறவர்கள் அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இதிலிருந்துதான் உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பதில் சொல்லாமல் இருப்பது எல்லாமே குற்றமில்லை. டெண்டர் திறந்து மதிப்பீடு நடக்கும்போது யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது புதிய திட்டம் அறிவிக்க முடியாது. நேற்று இரவு நடந்த விபத்தின் காரணத்தை இன்று காலை கேட்டால், ‘தெரியவில்லை, விசாரிக்கிறோம்’ என்பதுதான் நேர்மையான பதில். ஒரு பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது மழுப்பலா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. இரண்டு பதில்கள் வேண்டும். ஆறு மாத இடைவெளியில் வந்த இரண்டு பதில்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காரணத்தைப் படிக்காதீர்கள், காரணம் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வேலை நடந்து தாமதமாகிறது என்றால் கோப்பு இடம் மாறியிருக்கும். முதல் பதிலில் நில அளவை நடக்கிறது என்று இருந்தால், இரண்டாவதில் அளவை முடிந்தது, மதிப்பீடு தயாராகிறது என்று இருக்கும். மெதுவாக இருக்கலாம், எரிச்சல் வரலாம், ஆனால் நகர்ந்திருக்கும். இழுத்தடிப்பில் வாக்கியம் அப்படியே இருக்கும். அல்லது காவிரியில் பார்த்தோமே, அப்படி மூன்று தடவை மூன்று காரணம் வரும், வரைவு மட்டும் அதே மேஜையில் இருக்கும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, அது ஆக மோசம்: கோப்பு பின்னால் போயிருக்கும். ‘மதிப்பீடு தயாராகிறது’ என்றவர்கள் அடுத்த முறை ‘புதிதாக ஆய்வு மேற்கொள்ளக் குழு அமைக்கப்படும்’ என்பார்கள். குழு என்ற சொல்லைக் கண்டால் எந்தக் கட்டத்தில் அது வருகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வந்தால் வேலைக்காக இருக்கலாம். முடிவெடுக்க வேண்டிய நாளில் வந்தால் முடிவைத் தள்ளிப்போடத்தான்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘ஏன் இன்னும் செய்யவில்லை?’ என்று கேட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். ‘ஏன்’ என்ற கேள்விக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் ‘ஏன்’ என்று கேட்டால், விளக்கம் கோருவது தகவலாகாது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடலாம், நானே அனுப்பியிருக்கிறேன். பத்து ரூபாய்க் கட்டணத்தோடு இப்படிக் கேளுங்கள்: என் மனு எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது, ஒவ்வொரு மேஜையிலும் எத்தனை நாள் இருந்தது, இப்போது எந்தப் பதவியில் உள்ளவரிடம் இருக்கிறது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும். பதிலுக்கு முப்பது நாள். இந்தக் கேள்விக்கு ‘படும்’ போட்டு எழுத முடியாது. தேதியும் பதவியும் எழுதியாக வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தன்பதிவேடு உண்டு. எந்தத் தாள் எப்போது வந்தது, எப்போது போனது என்று அதில் இருக்கும், இருக்க வேண்டும். இப்படியொரு மனு வந்தால் பிரிவே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

அமைச்சர்கள் அவையில் சொல்கிறவற்றுக்கும் ஒரு பிடி இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இயங்குகிறது. தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அப்படி ஒரு குழு உண்டு. ‘விஷயம் பரிசீலனையில் உள்ளது’, ‘நான் கவனிக்கிறேன்’, ‘தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும்’ போன்ற தொடர்களையெல்லாம் பட்டியலிட்டு, இவற்றை அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதியாகக் கொள்ளப்படும் என்று மக்களவையில் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் நீட்டிப்புக் கேட்க வேண்டும். அதாவது நாம் மழுப்பல் என்று நினைத்துச் சலித்துக்கொள்கிற அதே சொற்களை நாடாளுமன்றம் கடன் பத்திரமாகக் குறித்துக்கொள்கிறது. வசூல் எப்படி என்று கேட்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்பவை ஏராளம். ஆனாலும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம், ‘அன்றைக்கு அமைச்சர் சொன்னது உறுதிமொழிக் கணக்கில் ஏறியிருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். உறுப்பினருக்கே அது புதிய செய்தியாக இருக்கலாம்.

தபால்காரரிடம் திரும்பி வருகிறேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாரைப் பார்த்தார், அவர் என்ன சொன்னார், எத்தனை மணி என்று எழுதிக்கொள்வார். கடிதங்களோடு வாழ்ந்தவர், ஆகவே எங்கள் பதில்கள் எல்லாவற்றையும் உறையோடு வைத்திருந்தார், தபால் முத்திரை தெரியும்படி. நான் கண்காணிப்பாளராக வந்த முதல் ஆண்டு, ஒன்பது பதில்களையும் என் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

“தம்பி, இந்த ஒன்பதிலும் ஒரே சேதிதான் இருக்கிறது. அனுப்பினோம் என்று ஒன்பது வருடமாகச் சொல்கிறீர்கள். நானும் தபால்காரன்தான். அனுப்பிய தபால் ஒன்று போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் திரும்பி வர வேண்டும். இது எதைச் செய்தது?”

“பார்த்துச் சொல்கிறேன் ஐயா” என்றேன். வாயில் முதலில் வந்தது அதுதான். அவர் நோட்டைத் திறந்து என் பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டார்.

கோப்பைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆனது. திருப்பி அனுப்பிய கடிதம் உள்ளேயே இருந்தது. அந்தப் பணி நடப்பு விதிகளின்படி ஏற்கத்தக்கதல்ல, கருத்துரு இன்ன தேதியில் திருப்பப்பட்டது, மறுபடியும் அனுப்பப்படவில்லை, இதற்குப் பதிலாக நடைபாலத்துக்கு வேறொரு திட்டத்தில் இன்னாரிடம் விண்ணப்பிக்கலாம் என்று நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது. ‘ஏற்கத்தக்கதல்ல’ என்ற இடத்தில் அதிகாரி இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தார். “இப்படியே போகட்டுமா?” என்று கேட்டார். போகட்டும் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை தபால்காரர் அந்தக் கடிதத்தோடு வந்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“சேதி சரி தம்பி. கீழே ஆபீஸ் முத்திரை விட்டுப்போயிருக்கிறது. போட்டுக் கொடுங்கள், நான் அந்த இன்னாரைப் போய்ப் பார்க்க வேண்டும்.”